ராசன் அண்ணையும் ரெண்டு பாஸ்போர்ட்டும்

இன்று காலை டென்மார்க்கில் பிராண்டேயிலிருந்து ராசன் அண்ணையை பில்லுண்ட் விமான நிலையத்துக்கு ஏற்றிப் போனேன். கொழும்பில் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். இவர்தான் தாய்மாமன்.

மனிசன் இப்போதுதான் இரட்டைக் குடியுரிமை எடுத்தவர். காருக்குள் டேனிஷ், இலங்கை இரண்டு பாஸ்போர்ட்டையும் பெருமையாகக் காட்டினார். என் வாய் சும்மா கிடக்கவில்லை.

"அண்ணை, ஏர்போர்ட்டில ரெண்டையும் ஒண்டாக் கண்டால் ஒண்டைப் பறிச்சுப்போடுவாங்கள்."

"உண்மையோ?"

"ஓம், சத்தியமா."

இறக்கிவிட்டுப் பாதி வழி வந்திருப்பேன், போன் அடித்தது.

"தம்பி, டேனிஷ் பாஸ்போர்ட்டை உன்ர கார் சீற்றுக்குக் கீழ ஒளிச்சு வைச்சிட்டன். இங்க கவுண்டரில நிக்கிற பிள்ளை, இலங்கைப் பாஸ்போர்ட்டில டென்மார்க் விசா எங்கயெண்டு கேக்குது. பிளேனை விட்டால் கல்யாணமும் போச்சு."

காரைத் திருப்பினேன். கவுண்டர் மூடுகிற நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நீ நல்லா இருப்பாய் தம்பி," என்று என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. பறிப்பார்கள் என்றது சும்மா விளையாட்டுப் பகிடி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் குனிந்து, இலங்கைப் பாஸ்போர்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது வானத்தில் பறக்கிறார். கொழும்பில் இறங்கியதும் விசயத்தைச் சொல்ல, ஏச்சு வாங்கிப் பழகிய ஒருவர் தேவை. யாராவது இருக்கிறீர்களா?