கம்பம் பிடுங்கும் வரை

முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கு வணக்கம். அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னார் மாமா. நல்லதுக்குப் பஞ்சமில்லை. எழுதுகிற கைதான் சரியில்லை.

அக்கா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் இதே ஊரில்தான். அம்மா போனபோது அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஐந்து. தறி ஓட்டிக்கொண்டே என்னை வளர்த்தார். அதிர்ந்து பேசாதவர் என்று எழுத மாட்டேன். நன்றாகவே திட்டுவார், திட்டி முடித்ததும் சோறு போடுவார். நான் லாரி வாங்கி நாலு பேர் மதிக்க நிற்பது அவரால்தான்.

மாரியம்மன் நோம்பித் திருவிழா வந்தால் அக்காவைக் கையில் பிடிக்க முடியாது. கோயில் முன்னால் முக்கிளைக் கம்பம் நட்ட நாளிலிருந்து, தினமும் விடியற்காலையில் ஈரப் புடவையோடு மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாகக் குடம் சுமந்து போய் அதற்கு ஊற்றுவார். அம்மனின் புருஷனாயிற்றே, சூடு தாங்க மாட்டார் என்று சிரிப்பார். அந்தக் கம்பத்தைப் பிடுங்கும் வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு.

போன வருடம் கம்பம் நட்ட நான்காம் நாள், தண்ணீர் ஊற்றிவிட்டு வந்த அக்கா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நெஞ்சை அடைக்குதுடா சாமி. சேலத்துக்குப் போய்ப் பாத்துட்டு வந்தரலாமா?"

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்க வைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

"கம்பம் நட்டாச்சுக்கா. வெளிய தங்கக் கூடாது. புடுங்குன மக்காநாளே போயரலாம்."

"செரி சாமி. நீ சொன்னாச் செரி."

பக்கத்து வீட்டு அண்ணி காரை எடுக்கச் சொல்லி என்னோடு சண்டையே போட்டார். நான் கேட்கவில்லை. அதிலிருந்து மூன்றாம் நாள் காலையில் அக்கா போய்விட்டார். ஊருக்குள் பிணம் கிடந்தால் பூசை நடக்காது என்பதால், மதியத்துக்குள் அவசர அவசரமாக எடுத்தோம். பாதிச் சொந்தக்காரர்கள் முகம் பார்க்கவில்லை.

அம்மனே அழைத்துக்கொண்டாள், புண்ணியவதி என்று ஆறுதல் சொன்னீர்கள். எனக்கு ஆறவில்லை. நாக்பூர், புனே என்று லோடு ஏற்றிப் போய் எத்தனை நோம்பிக்கு நான் வெளியே தங்கியிருக்கிறேன். பிழைப்புக்குப் போனால் அம்மன் பொறுத்துக்கொள்வாள் என்றிருந்தவன், அக்காவிடம் மட்டும் கட்டு பேசினேன்.

காரியங்களில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், மாமா வீட்டாருக்கும், அன்று என்னோடு சண்டை போட்ட அண்ணிக்கும் நன்றி. இந்த வருடமும் கம்பம் நட்டாயிற்று. உங்கள் வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால் உடனே கிளம்புங்கள், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்குங்கள். தெய்வக் குற்றம் வந்தால் என் தலையில் வரட்டும். இதற்கு மேல் எனக்கு வர என்ன இருக்கிறது.

தம்பி