ரதி கையில் சாராயப் போத்தல்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் என் கணவர்தான் ரதி வேஷம் கட்டுவார். விரதம் முடியும்வரை குடிக்கவே கூடாது. போன மாசியில், கூத்து தொடங்கச் சற்று முன், என் கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் நின்று சாராயப் போத்தலை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்.

சனம் கூடும்படி திட்டிப் போத்தலைப் பிடுங்கினேன்.

"ஒரு வாய் குடிச்சிட்டு திட்டு புள்ள," என்றார். குரல் எழும்பவேயில்லை.

குடித்தேன். புளிப்பில் கண் கலங்கியது. தேனும் வினாகிரிக் காடியும்.

"தொண்ட கட்டிக்கிச்சு. ஹட்டன் மருந்துக்கடைக்கார நானா பழைய போத்தல்ல கலந்து குடுத்தாரு. நீயும் நல்லா கத்திட்ட, இன்னொரு வாய் குடி."

சனம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே குடித்தேன்.

அன்று எரிந்துபோன காமனுக்காக ரதியின் ஒப்பாரி கணீரென்று எழுந்தபோது எல்லாரும் அழுதார்கள். நான் மட்டும் முந்தானைக்குள் சிரித்தேன். இப்போதெல்லாம் எந்தப் போத்தலையும் முதலில் மோந்து பார்க்கிறேன். வாயைத் திறப்பது அப்புறம்தான்.