கதிரேசன் தொட்டியில் முட்டை

இன்று மனைவியுடன் நாகலூரில் நண்பர் கதிரேசன் வீட்டுக்குப் போனேன். கடல்மீன் வளர்க்கிறார். நானும் வளர்க்கிறேன்.

இருவரும் மெட்ராஸில் ஒரே கடையில்தான் கோமாளி மீன் ஜோடி வாங்கினோம். என் ஜோடி ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்தே கிடக்கிறது. அவருடைய ஜோடி முட்டையிட்டிருக்கிறது!

என் தொட்டியைக் குனிந்துகூடப் பார்க்காத மனைவி, அவர் தொட்டி முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

"இதையும் இன்னிக்கு உள்ள உடப் போறேனுங்க" என்று ஒரு பையைத் தூக்கிக் காட்டினார் கதிரேசன். உள்ளே அழகான கிளாத்தி மீன். அதை விட்டால் ஒரு முட்டைகூட மிஞ்சாது.

'தாராளமா விடுங்க' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். தொட்டிக்குள் ஆண் மீன் முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது.

"வேண்டாமுங்க, முட்டையெல்லாம் தின்னுபோடும்" என்றேன்.

"நல்லவேளை சொன்னீங்க! அப்ப இதை நீங்களே கொண்டு போயிருங்க."

பஸ்ஸில் என் மடியில் கிளாத்தி. மனைவி கேட்டாள்: "ஏனுங்க, நம்ம ஊட்டு மீனு மட்டும் ஏன் இப்படி ஒளிஞ்சே கெடக்குது?"

என் தொட்டியில் விட்டால் இருக்கிற ஜோடியையும் கடித்துவிடும். அதனால் கிளாத்தி இப்போது வாளியில் இருக்கிறது. கடல்மீன் வளர்க்கிற, எனக்குப் பிடிக்காத ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கதிரேசனைத் தவிர.