வைப்பாற்று முகத்துவாரத்துக்கு ஒரு தெர்மோகோல் பெட்டியுடன்

மூத்த பேரன் கதிர் இருபத்தாறு வயதில் கட்டிங் மாஸ்டர் ஆகிவிட்டான். அவன் கத்தி வைத்தால் துணி வீணாகாது என்று கம்பெனியிலேயே சொல்கிறார்கள். அவன் தங்கை சுதா பி.எஸ்.சி. கம்ப்யூட்டர் இரண்டாம் வருஷம், கல்லூரிப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. மகள் வயிற்றுப் பேரன் பிரவீண் பத்தாம் வகுப்பில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு. கதிரின் மனைவி அமலி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைப் பெண். பதினெட்டு வயதில் திருப்பூர் வந்து ஹெல்பராகச் சேர்ந்தவள், இருபத்து மூன்றில் ஒரு தையல் லைனுக்கே சூப்பர்வைசர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நோட்டில் எழுதிக் கொடுக்கிறேன், சுதா தட்டச்சு செய்து படத்தோடு இந்த இணையப் பக்கத்தில் ஏற்றுகிறாள். பெருமை பேசுகிறேன் என்று தோன்றினால் தோன்றட்டும். இந்தப் பிள்ளைகள் இல்லாவிட்டால் நான் கடலையே பார்த்திருக்க மாட்டேன்.

போனது இந்த மே மாதம் இரண்டாவது வாரம். அப்போது அமலிக்கு ஏழு மாதம். சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எடை ஏறவில்லை என்று நர்ஸம்மா இரண்டு தடவை சத்தம் போட்டார். என்ன கண்ணு வேணும் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு நாள் வாயைத் திறந்தாள். அவள் ஊரில் வைப்பாறு கடலில் சேரும் இடத்துச் சேற்று நண்டு, அதில் வைத்த சாறு. கதிர் திருப்பூர் மார்க்கெட்டில் நண்டு வாங்கி வந்தான். முகர்ந்து பார்த்தே வேண்டாம் என்றுவிட்டாள்.

நாங்கள் முருகனைக் கும்பிடும் நெசவுக் குடும்பம். கோழி எப்போதாவது உண்டு, நண்டு எங்கள் அடுப்பில் ஏறியதே இல்லை. ஆனாலும் வயிற்றுப் பிள்ளைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கும் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று கேட்டே வளர்ந்தவள் நான். புதிதாக ஒரு மண்சட்டி வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, நானே போய்க் கொண்டு வருகிறேன் என்று கிளம்பினேன். ஏற்றுமதி வேலை நெருக்கத்தில் கதிருக்கு லீவு இல்லை. சுதா துணைக்கு வந்தாள். கம்பெனியில் சாம்பிள் படம் எடுக்கும் கேமராவைக் கதிர் கேட்டு வாங்கிக் கொடுத்தான். மீன் கடையில் இருந்து மூடி போட்ட தெர்மோகோல் பெட்டி ஒன்று முப்பது ரூபாய்க்குக் கிடைத்தது.

திருப்பூர் பழைய பேருந்து நிலையத்தில் காலை 5.40க்கு மதுரை வண்டி. தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழி. ஆளுக்கு 66 ரூபாய். ஆரப்பாளையத்தில் இறங்கும்போது மணி 10.50. தெற்கே போகும் வண்டிகள் அங்கே வராது, டவுன் பஸ் பிடித்து மாட்டுத்தாவணி போக வேண்டும். 11.45க்கு தூத்துக்குடி வண்டி, 46 ரூபாய். வழியெல்லாம் கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியது எங்கள் பக்கமும்தான். ஆனால் நாங்கள் லாரித் தண்ணீரை வாங்கிப் பழகியதில் வானத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். தூத்துக்குடியில் 3.30க்கு வேம்பார் பஸ் ஏறி, அமலியின் ஊரான வைப்பாருக்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்கினோம். முப்பது கிலோமீட்டர் இருக்கும், 12 ரூபாய்.

விலக்கில் ஒரே ஒரு ஆட்டோ. ஊருக்குள் போக ஐம்பது ரூபாய் கேட்டார்.

"ஏனுங்க, ஆறு கடல்ல சேர்ற எடத்த மொதல்ல பாத்துட்டுப் போலாமுங்களா?" என்று கேட்டேன்.

"ஆறா? பாக்கலாமே. ஆறும் வரல, கடலும் வரல. ரெண்டும் கோவிச்சிக்கிட்டு ஆளுக்கொரு பக்கமா நிக்கி, நடுவுல மணல்தான் கெடக்கு" என்றார் டிரைவர். பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "மீனு வாங்க வந்தியளாக்கும்? மீனே எங்கூர்ல மீன் வெல கேட்டுட்டுல்லா ஓடுது" என்று சிரித்தார்.

அமலியின் அப்பா சூசையும் அம்மா சகாயமும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்க்கிறேன். சகாயம் என் கையைப் பிடித்து, "புள்ள சாப்பிடுதாளா பெரியம்மா?" என்று கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. நண்டு விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "காலைல போவோம்" என்றார் சூசை. அவ்வளவுதான்.

மறுநாள் ஆறு மணிக்கே நடந்தோம். ஊரிலிருந்து முகத்துவாரம் ஒன்றரைக் கிலோமீட்டர், பாதி தூரம் மணல். செருப்பு வேண்டாம், கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுப் படுகைக்குள் இறங்கினதும் நான் நின்றுவிட்டேன். குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியிருக்கிறது, அத்தனையும் சிவப்பு. ரோஸும் இல்லாமல் காவியும் இல்லாமல், சாயப்பட்டறை வாய்க்காலில் ஓடுமே, அதே சிவப்பு. ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

"எந்தப் பாவிங்க இங்கயும் வந்து சாயத்தண்ணிய உட்டுப்போட்டது? நம்மூரு ஆளுங்களா? பேரச் சொல்லுங்க சம்பந்தி, நான் ஊருக்குப் போயி ஊட்டு வாசல்லயே நின்னு கேக்கறேன்!"

நான் கத்தின கத்தலில் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சூசை சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "சாயமும் இல்ல, பட்டறையும் இல்ல பெரியம்மா. உப்பு. அந்தா தெரியுது பாருங்க உப்பளம், அங்கயும் பாத்தியில தண்ணி வத்தி உப்பு ஏற ஏற இப்படித்தான் செவக்கும். ஆறு வந்தா இது ஒரே நாள்ல கழுவிட்டுப் போயிரும். ரெண்டு வருஷமா வரலியே."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் வீட்டுக்கு லாரித் தண்ணீர் வந்தால் தொட்டியில் விடும் முன்னால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். எந்தக் கிணற்றுத் தண்ணீர், எவ்வளவு உப்பு என்று சொல்லிவிடுவேன். குனிந்து அந்தச் சிவப்புத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். சுட்டுவிட்டது. பிறகு மணல் மேட்டைத் தாண்டிப் போய்க் கடலைத் தொட்டு வைத்தேன். கடல் தேவலை.

"ஏனுங்க சம்பந்தி, கடலை விட ஆறு உப்பா இருக்குதுங்க!"

"இத அளக்க மீட்டரு கொண்டுட்டு ஆபீசரு வந்தாரு. பெரியம்மா நாக்கையே கொண்டாந்துட்டாக" என்றாள் சகாயம். அன்றிலிருந்து அந்தத் தெருவில் எனக்குச் சாயப்பட்டறை ஆச்சி என்று பெயர்.

மழை ஒன்று மட்டுமில்லை என்று சூசை விளக்கினார். இந்த வருஷம் கடலும் சுடுகிறதாம். நான் கால் வைத்தபோது விடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, விளாவி வைத்த குளிக்கும் தண்ணீர் மாதிரி இருந்தது. கரையோர மீன் ஆழத்துக்குப் போய்விட்டதாம். சங்கு எடுக்க முங்குகிறவர்கள், கடலுக்கடியில் பவளப்பாறையெல்லாம் வெள்ளை வெளேரென்று வெளுத்துக் கிடப்பதாக வந்து சொன்னார்களாம். எங்கள் ஊரில் துணியை வெளுக்கச் சுடுதண்ணீர்த் தொட்டியில் போடுவோம். அதற்கு ஆள் வேண்டும், கரி வேண்டும். இங்கே யாரும் அடுப்பு மூட்டினதாகத் தெரியவில்லை. யாரைப் போய்க் கேட்பது என்று சூசைக்கும் தெரியவில்லை. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தார். "எந்தெருவுல ஏழு வீடு பூட்டிக் கெடக்கு. எல்லாம் ஒங்க ஊர்ல பனியன் தைக்காக."

எனக்குச் சுருக்கென்றது. கதிரின் அப்பா, என் மகன், நடத்தும் பனியன் ஷெட்டில் பத்து தையல் மெஷின் ஓடுகிறது, அதில் நாலு பேர் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். நல்ல ஆள் கிடைத்தது முருகன் புண்ணியம் என்று தீபம் ஏற்றியிருக்கிறேன். இங்கே ஆறு வராமல் போனதுதான் அங்கே ஆளாக வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

மணல் மேட்டை ஒட்டி ஒரே ஒரு பள்ளம் மட்டும் சிவக்காமல் இருந்தது. பௌர்ணமி, அமாவாசைக்கு அலை ஏறி விழுவதால் அதில் கொஞ்சம் உயிர் இருக்கிறதாம். சூசை இடுப்பளவு இறங்கினார். வெயில் ஏறிவிட்டது. ஏழரை, எட்டரை, ஒன்பதரை. சுதா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டியில் போட வாங்கி வந்த இருபது ரூபாய் ஐஸ் பாதி கரைந்துவிட்டது. பத்து மணிக்குச் சூசை ஒரு நண்டோடு ஏறினார். என் இரண்டு கை சேர்ந்தாலும் கொள்ளாது, அவ்வளவு பெரியது. கொடுக்கை நாரால் கட்டினார். நான் முருகா என்று பெட்டியைத் திறந்தேன்.

அவர் அதைப் போடவில்லை. புரட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். வயிற்றுக்கு அடியில் பஞ்சு மாதிரி ஒரு பொதி, கறுப்பாக.

"சினை" என்றாள் சகாயம் மெதுவாக. "கறுத்துட்டுது. இன்னும் ரெண்டு மூணு நாள்ல பொரிச்சிரும்."

விவரம் கேட்டேன். இந்த நண்டு ஆற்று வாயில் வளர்ந்தாலும் முட்டை பொரிக்கக் கடலுக்குத்தான் போகுமாம். வாய் அடைத்துக்கொண்டதால் போக வழி இல்லை. சினை நண்டு கிடைத்தால் சூசையும் இன்னும் நாலைந்து பேரும் மணல் மேட்டைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் விட்டு வருகிறார்களாம். இப்படி ஒன்பது விட்டாயிற்று, இது பத்தாவது. அது விடும் குஞ்சுதான் வாய் திறந்த பிறகு திரும்ப ஆற்றுக்குள் வரும்.

"இது எம்புள்ளைக்கு" என்றார் சூசை. யாரும் எதுவும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "மத்ததெல்லாம் விட்டேன்லா. இது ஒண்ணு எம்புள்ளைக்கு." பெட்டியை நீட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அமலியின் காய்ந்த உதடு எனக்கு ஞாபகம் வந்தது. பிறக்கப் போகும் பிள்ளையின் காது ஞாபகம் வந்தது. முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறேன். அந்த நண்டு கட்டின கொடுக்கோடு சும்மா இருக்க, வயிற்று மடிப்பு மட்டும் விரிந்து விரிந்து மூடியது, அந்தப் பொதிக்கு விசிறுகிற மாதிரி. ஊரில் ஏழு மாதக்காரி ஒருத்தி வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இதைக் கொண்டுபோய்க் கொதிக்க வைக்கவா? நான் பெட்டியை மூடினேன்.

"வேண்டாமுங்க சம்பந்தி. உட்டுருங்க. அமலிகிட்ட நான் பேசிக்கறேன்."

சூசை நாரை அவிழ்த்து, நண்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மணல் மேட்டில் ஏறினார். சுதா படம் எடுத்தாள். மேலே நீங்கள் பார்ப்பது அதுதான். இந்தப் பக்கம் சிவப்புக் குட்டை, அந்தப் பக்கம் கடல், நடுவில் மணல் மேல் அவர் முதுகு. நானும் பின்னாலேயே மேடேறி, நண்டு தண்ணீருக்குள் இறங்கியதைப் பார்த்தேன். அவர் திரும்பி வரும்போது முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார். வேர்வைதான் என்று நான் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை புறப்படும்போது சகாயம் பரணில் இருந்து ஒரு பானையை இறக்கினாள். ஆறு கடைசியாக ஓடின வருஷம் காயவைத்த மடவைக் கருவாடு. அடியில் ஐந்து துண்டு மிச்சம். ஐந்தையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டாள். ஒன்றாவது வைத்துக்கொள் என்றால் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் கதிர்தான் முதலில் எட்டிப் பார்த்தான். "ஏனுங்க அப்பாயி, இத்தன தூரம் போயி காலிப் பெட்டியக் கொண்டாந்தீங்களா?" நான் அமலி பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். முடிந்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நண்டு தண்ணிக்குள்ள எறங்கிட்டுதா அப்பாயி? அப்பா பாத்தாவளா?"

"எறங்கிப் போனத நானே பாத்தேன் கண்ணு."

கவிழ்த்து வைத்த சட்டியில் கருவாட்டுக் குழம்பு வைத்தோம். எங்கள் தெருவுக்கே வாசம். அமலி இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டாள். இரண்டு மாதமாக நான் கெஞ்சியும் ஊட்ட முடியாத சோறு அது.

இனி போகிறவர்களுக்கு. தூத்துக்குடியில் இருந்து காலை வண்டியிலேயே போய்விடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. ஊரில் ஓட்டல் கிடையாது. குடிக்கத் தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டராவது கொண்டு போங்கள், அவர்களும் குடம் கணக்கில்தான் வாங்குகிறார்கள். சிவப்புத் தண்ணீரில் காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள். என்னைப் போல நாக்கில் வைக்காதீர்கள். யாராவது நண்டு விற்றால் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். எங்கள் இரண்டு பேருக்கும் போக வர, ஆட்டோவோடு சேர்த்து 650 ரூபாய்க்குள் முடிந்தது. தங்க இடமும் சாப்பாடும் சம்பந்தி வீடு.

குழந்தை ஜூலை கடைசியில் பிறந்தது. பெண். இரண்டு கிலோ எண்ணூறு. காது இரண்டும் சுத்தம், தினமும் பார்க்கிறேன். முருகனுக்கும் அவர்கள் மாதாவுக்கும், முகம் தெரியாத அந்த நண்டின் குஞ்சுகளுக்கும் சேர்த்தே விளக்கு ஏற்றுகிறேன்.

ஐப்பசி மழை இந்த வருஷமாவது இறங்கினால் ஆறு மணலை உடைத்துக்கொண்டு கடலில் சேரும் என்று சூசை போனில் சொல்கிறார். அவரிடம் கேமரா இல்லை. பிள்ளைக்காரியையும் குழந்தையையும் விட்டுவிட்டு எங்களால் இப்போதைக்குப் போக முடியாது. அம்மா ஊர் எது என்று நாளைக்குக் குழந்தை கேட்டால் காட்ட எங்களிடம் இந்த மணல் படம் ஒன்றுதான் இருக்கிறது. கார்த்திகையில் அந்தப் பக்கம் போகிறவர்கள், அதே மணல் மேட்டு இடத்தில் நின்று, ஆறு கடலுக்குள் போகிறதை ஒரு படம் எடுங்கள். எடுத்து இங்கே புதிதாகப் போட்டுவிடுங்கள், கண்ணுகளா.