முதலிடத்துக்கு ஒரு சண்டை

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் நேசையனுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். ஒரு கரும்புள்ளி கண்ணில் பட்டால் போதும், மீதி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கிரேடு இறங்கிவிடும். கொண்டுவந்தவர் கெஞ்சினாலும் மனுஷர் அசைய மாட்டார்.

ராக் ஆல்பங்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார் என்பதுதான் கொடுமை. நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கும்போது பிடித்த பைத்தியம் அது. கூடப் படித்த இரணியல் அனில்குமாருக்கும் அதே பைத்தியம். மர மில்லில் அறுவை மிஷின் பக்கத்திலேயே வேலை அவருக்கு. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் நேசையன் சர்ச் ஆராதனை முடிந்து வந்ததும், கடையில் உட்கார்ந்து இருவரும் உலகத்தின் சிறந்த பத்து ஆல்பங்களை வரிசைப்படுத்துவார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் முதலிடத்தில் மட்டும் ஒத்துப்போனதே இல்லை. ஒரு பாட்டு சொதப்பினாலும் நேசையன் ஆல்பத்தைக் கீழே தள்ளுவார். “ஒரு பாட்டு உசிர உலுக்கினா போதும்லே, அதுக்குத்தான் முதலிடம்” என்பார் அனில்குமார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, நேசையன் முதலிடம் கொடுத்த ஒரு புது ஆல்பத்தை அனில்குமார் ஒன்பதாவதாக வைத்தார். “கடைசிப் பாட்டுல கிட்டாரே இல்லியே மக்கா.”

அந்தப் பாட்டின் கடைசி இரண்டு நிமிஷமும் மெல்லிய கிட்டார்தான். நேசையனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. “கேக்காமலே தரம் போடுகியா? கள்ளம் சொல்லுகவன் இனி இந்தக் கடைக்கு வராண்டாம்” என்று ஆட்கள் முன்னால் கத்திவிட்டார். அனில்குமார் எழுந்து போய் பஸ் ஏறினார். அதோடு பேச்சு நின்றது.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் நேசையன், அனில்குமாரின் மனைவி சுனிதாவைப் பார்த்தார். “அவியளுக்கு ரெண்டு காதும் போச்சு அண்ணே. மில்லு சத்தம். மெலிஞ்ச சத்தமெல்லாம் மொதல்ல போச்சுதாம். யாருகிட்டயும் சொல்லாம மறைச்சு வச்சிட்டாவ.” நேசையனுக்கு இலையில் கை வைக்க முடியவில்லை. அவன் பொய் சொல்லவில்லை, கேட்காததைத்தான் இல்லை என்றான். இது கூடத் தெரியாமல் என்ன சிநேகிதம்!

மறுநாளே ஒரு நோட்டோடு இரணியலுக்குப் போனார். முதல் பக்கத்தில் எழுதி நீட்டினார்: “தப்பு எனக்குத்தான். நீ சொன்ன ஆல்பத்துக்கே முதலிடம்.”

வாசித்ததும் அனில்குமாரின் முகம் இறுகியது. “ஒரு புள்ளி கண்டதும் எனக்க தரத்த எறக்கின. இப்போ காது போச்சுன்னு பாவம் பாத்து ஏத்துகியா? ரெண்டும் ஒண்ணுதான்லே.” பேனாவைப் பிடுங்கி இரண்டாவது வரியை மட்டும் அடித்தார். “எழுது. எனக்க ஆல்பம் ஏன் கொள்ளாது, அதுல என்ன மோசம்னு எழுது.”

நேசையன் பேனாவைத் திரும்ப வாங்கினார். அடித்த வரிக்குக் கீழே எழுதினார்: “மூணாவது பாட்டு படு மோசம்.”

“மண்ணாங்கட்டி!” அனில்குமார் மேஜையைத் தட்டினார். மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் எங்கே நிற்கிறது, குரல் எங்கே உடைகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் மனப்பாடம். தன் சத்தம் தனக்கே கேட்காததால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அடுக்களையிலிருந்து ஓடிவந்த சுனிதா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டு மூன்று வருஷமாகிறது.

நேசையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரியை எழுதினார்: “சம்மதிக்க மாட்டேன்.”