இரட்டை வேகத்தில் ஒரு பாட்டு

பாட்டு தொடங்குமுன் ஸ்பீக்கரில் டக் டக் டக் என்று சில தட்டுகள் வரும். பாடுகிறவர் எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்று தெரிவதற்காக அதைச் சேர்த்து வைத்திருப்போம். அந்தத் தட்டு கேட்டதும் மேடம் மூச்சை இழுத்து நிறுத்திக்கொள்வார். பாடப் போவது அவர் இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிற டைரக்டர் அவர். ஆனாலும் அவர்தான் பாடப் போகிறார் என்பதுபோல் தோள் உயரும். மேடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த மூச்சுதான்.

சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் அத்தாவுக்கு மைக் செட் கடை இருந்தது. நான் எட்டாவதோடு நின்று கடைக்கு வந்துவிட்டேன். கல்யாணம், கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் போனேன். பிறகு பாட்டு வீடியோ எடுக்கிறவர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். சினிமாப் பாட்டு இல்லை. தனியாக ஒரு பாட்டு, அதற்கு ஒரு படம், நெட்டில் விடுவார்கள். பாட்டு முன்பே ஸ்டுடியோவில் பதிவாகியிருக்கும். படப்பிடிப்பில் அதை நான் போடுவேன். பாடியவர் கேமரா முன்னால் வாயை அசைப்பார். உதடும் குரலும் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் பார்க்கிறவன் அடுத்ததற்குத் தள்ளிவிட்டுப் போய்விடுவான்.

மேடம் மயிலாப்பூரில் வளர்ந்தவர். எங்கோ வெளியூரில் போய்ப் படம் எடுக்கப் படித்துவிட்டு வந்தவர். செட்டில் எல்லாருக்கும் நான் பாய். அவருக்கும் பாய்தான், ஆனால் 'வாங்க போங்க' உண்டு. அவரிடம் சில கொள்கைகள் இருந்தன. டீ குடிக்கும்போது யார் மாட்டினாலும் சொல்வார். பாட்டில் மழை என்று வந்தால் படத்தில் மழை வரக்கூடாது. "ஜனத்துக்குக் காது இருக்கு பாய், அதையே நாம எதுக்குத் திருப்பிச் சொல்லணும்?" தாளம் விழுகிற இடத்தில் ஷாட்டை வெட்டக்கூடாது, கொஞ்சம் தள்ளி வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் கண் தூங்கிவிடும். பணம் போடுகிற பாட்டுக் கம்பெனிக்காரர்களுக்குப் பல்லவிக்கு முன்னாலேயே பாடகர் முகம் வேண்டும், அடிக்கடி வேண்டும். அதைக் கேட்டுச் சிரிப்பார், ஆனால் கொடுத்துவிடுவார். இன்னொன்று அடிக்கடி சொல்வார். "யார் வாய் அசையுதோ, பாட்டு அவங்களுது. பாடினது யாருன்னு எவனும் பார்க்க மாட்டான்." ஸ்லோமோஷன் மட்டும் அவருக்கு ஆகாது. சோம்பேறி வேலை என்பார். ஒரு பாட்டில் ஒரு தடவை, அதுவும் கம்பெனி கெஞ்சினால். இதையெல்லாம் அவர் ஒரு காலேஜில் பேசி, அது நெட்டில் சுற்றியது. பையன்கள் அவர் பேச்சை எழுதி வைத்துக்கொண்டு படம் எடுத்தார்கள்.

ஒருநாள் அடையாறில் படப்பிடிப்பு. பாட்டுக்காரம்மா எங்கள் பேட்டைப் பக்கம் கூவம் கரையில் இருந்தவர். சாவு வீட்டில் பாடுகிறவர். கரையில் இருந்த வீடுகளை இடித்து எடுத்தபோது அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டார்கள். போன வீட்டைப் பற்றி அவரே கட்டிய பாட்டு அது. நிதானமான பாட்டு. மேடம்தான் அவரைத் தேடிப் பிடித்து, கம்பெனியோடு சண்டை போட்டு, ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார். இடிந்த குடிசையைப் பற்றிய பாட்டுக்குக் கம்பெனி பிடித்துக் கொடுத்தது ஒரு பெரிய பங்களா. பார்க்க நன்றாக இருக்குமாம். மேடம் பங்களாவைச் சுற்றி வந்தார். பின்பக்கம் துணி துவைக்கிற கல் இருந்தது. அங்கே கேமராவை வைக்கச் சொல்லிவிட்டார்.

பாட்டைப் போட்டேன். தட்டு வந்தது. பாட்டுக்காரம்மா பாடினார். வாயை மட்டும் அசைக்கவில்லை, உரக்கவே பாடினார். ஆனால் ஸ்பீக்கரில் ஒரு பாட்டு, அவர் வாயில் இன்னொரு பாட்டு. ஓர் இடத்தில் இழுத்தார், ஓர் இடத்தில் ஒரு சொல்லை மாற்றினார். மறுபடி போட்டேன். இந்தத் தடவை வேறு இடத்தில் இழுத்தார். எத்தனை தடவை போட்டாலும் அப்படித்தான். பாவம், வேர்த்துவிட்டது. "அன்னிக்கு அப்புடி வந்துச்சு மேடம். இன்னிக்கு இப்புடி வருது. நான் இன்னா பண்ணட்டும்? சாவு வூட்ல ஒருத்தனும் போனவாட்டி மாரி பாடுன்னு கேட்டதில்ல."

கம்பெனி மேனேஜர் வாட்சைப் பார்த்தபடியே இருந்தார். மேடத்தைத் தள்ளிக் கூட்டிப்போனார். தள்ளி என்றாலும் என் பெட்டிக்குப் பக்கத்தில்தான்.

"மேடம், தி. நகர்ல ஒரு பொண்ணு இருக்கு. போன் பண்ணா வந்துரும். அது வாயசைக்கட்டும். அந்தம்மாவ ரெண்டு ஷாட் பின்னாடி உக்கார வெச்சிக்கலாம்."

"அப்ப பாட்டு அந்தப் பொண்ணுது ஆயிடும்."

"குரல் அந்தம்மாதுதான மேடம்? பேர் போடுவோம்ல?"

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். கல்லின்மேல் உட்கார்ந்திருந்த பாட்டுக்காரம்மா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டிருக்காது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

சும்மா இருக்க முடியாமல்தான் மேடம், கம்பெனி கேட்டிருந்த அந்த ஒரு ஸ்லோமோஷன் ஷாட்டை எடுத்துவிடலாம் என்றார். துவைக்கிற கல்லைத் தாண்டிப் பாட்டுக்காரம்மா நடந்து வர வேண்டும். சாம்பிராணிப் புகை போட்டிருந்தோம். ஸ்லோமோஷனில் ஒரு சங்கதி உண்டு. உடம்பு மெதுவாக அசைய வேண்டும், உதடு மட்டும் பாட்டோடு ஒட்ட வேண்டும் என்றால், படம் பிடிக்கும்போது பாட்டை இரட்டை வேகத்தில் ஓட்டுவோம். வாயையும் அந்த வேகத்தில் அசைக்க வேண்டும். பிறகு படத்தை மெதுவாக்கினால் உதடு பாட்டுக்குச் சரியாக வந்துவிடும். வேகமாக ஓட்டினால் குரல் கீச்சென்று ஆகிவிடும், பொம்மைப் படத்தில் வருவதுபோல.

போட்டேன். பாட்டுக்காரம்மா திடுக்கிட்டு நின்றார். பிறகு சிரித்தார், கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னா பாய் இது! எலிக்குஞ்சு கத்தறா மாரி கீது! யாரு இவ?"

"நீங்கதாம்மா."

"அய்ய, நானா? நான் இல்ல. எவளோ என் பாட்டத் திருடிக்கினு ஓட்றா. வுடு, மறுபடி போடு. புட்சிடறேன்."

மறுபடி போட்டேன். அவர் அந்த எலிக்குரலைத் துரத்தினார். எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் எதிர்க்கோஷ்டி பாடினால், அவன் பாட்டை அவனுக்கே திருப்பிப் பாடிக் கேலி செய்வது வழக்கம். இவர் அதில் பேர் போனவர். அடுத்தவர் பாட்டு என்றால் மூச்சு விடுகிற இடம்கூடப் பிசகாது. தன் பாட்டைத்தான் தொடர வரவில்லை; எலிக்குரலில் அது அடுத்தவள் பாட்டாகிவிட்டது. எடுத்ததை மானிட்டரில் சரியான வேகத்தில் போட்டுப் பார்த்தோம். கேமராமேன் தலையைச் சொறிந்தார். உதடு ஒட்டியிருந்தது. ஒரு சொல் விலகவில்லை. புகை மெதுவாகப் போனது, முந்தானை மெதுவாக எழுந்தது, அந்த முகம் பாடியது.

மேடம் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்த கொள்கை ஒரு பக்கம், அந்தம்மா முகம் ஒரு பக்கம். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "பாய், முதல்லேருந்து வேகமா போடுங்க. பாட்டு முழுக்க இப்படித்தான்" என்றார்.

மேனேஜர் திரும்பி வந்து பார்த்தார். "முழுக்க ஸ்லோமோஷனா? ஷாம்பு விளம்பரம் மாதிரி இருக்காதா மேடம்?"

"இருந்துட்டுப் போகட்டும். அந்தப் பொண்ண வர வேணாம்னு சொல்லிடுங்க."

சாயங்காலம் பெட்டியைக் கட்டும்போது மேடம் எங்களைக் கூப்பிட்டார். ஏன் இப்படி எடுத்தது என்று யார் கேட்டாலும் தன்னைக் கேட்கச் சொல்ல வேண்டும் என்றார். அந்தம்மாவுக்கு வாயசைக்க வரவில்லை என்ற பேச்சு வெளியே போகக்கூடாது. அவ்வளவுதான்.

பாட்டு வெளியே வந்து நன்றாக ஓடியது. பாட்டுக்காரம்மாவைப் பஸ்ஸில் பார்த்து ஆட்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். மேடத்துக்கு வேறு மாதிரி. நெட்டில் பாட்டின் கீழே எழுதித் தீர்த்தார்கள். ஊருக்கு உபதேசம், தனக்கு ஸ்லோமோஷன் என்றான் ஒருவன். சரக்கு தீர்ந்துவிட்டது என்றான் இன்னொருவன். அவர் பேச்சைக் கேட்டு வளர்ந்த பையன்களே எழுதினார்கள். அந்தக் கம்பெனி அடுத்த பாட்டை வேறு ஆளுக்குக் கொடுத்தது. நான் ஒருமுறை, சொல்லிவிடலாமே மேடம் என்றேன். "என்னன்னு பாய் சொல்றது?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குப் பேச்சு வராது. வந்திருந்தால் அன்று அவரிடம் ஏதாவது சொல்லியிருப்பேன்.

இப்போது மேடம் படம் எடுப்பது குறைந்துவிட்டது. தெருவுக்குத் தெரு போனை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு யார் பாட்டுக்கோ யாரோ வாயசைக்கிறார்கள். பாட்டு யாருடையது என்ற கேள்வியே இல்லை. சில மாதங்களுக்கு முன் மயிலாப்பூரில் ஒரு சின்ன ஹாலில் மேடத்தைப் பேசக் கூப்பிட்டார்கள். பாட்டுக்காரம்மாவும் வந்திருந்தார். மைக் என் வேலை. பேச்சு முடிந்ததும் ஒரு பையன் எழுந்தான். ஸ்லோமோஷன் சோம்பேறி வேலை என்று சொன்ன நீங்கள் அந்தப் பாட்டை ஏன் அப்படி எடுத்தீர்கள் என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.

மேடம் சிரித்தார். "அன்னிக்கு என்னால அவ்வளவுதான் முடிஞ்சதுப்பா. அடுத்த கேள்வி?"

முன் வரிசையில் நாற்காலி நகர்ந்தது. பாட்டுக்காரம்மா மேடை ஏறி மேடத்தின் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"மேடம் பொய் சொல்லுது நைனா. என் பாட்டு எனக்கே வாயசைக்க வர்ல. வேற ஒருத்திய கூட்டியாறன்னு நின்னாங்கோ. நான் கல்லு மேல குந்திக்கினு எல்லாம் கேட்டுக்கினுதான் இருந்தேன். இதுதான் வுடல. எனக்குத் தெரியாதுன்னு இத்தினி வருசமா நென்ச்சிக்கினு கீது."

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். பாட்டுக்காரம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, இசை ஒன்றும் இல்லாமல், அந்தப் பாட்டை எடுத்தார். நான் மைக்கைக் கொஞ்சம் ஏற்றினேன். ஹாலில் எல்லாருக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். பையன்களும் வாயைத் திறந்தார்கள். அவர் ஒரு சொல்லை மாற்றினார், புதிதாக ஓர் இடத்தில் இழுத்தார். ஒருத்தருக்கும் ஒட்டவில்லை. மேடமும் கூடவே பாடிப் பார்த்தார். இரண்டாவது அடியிலேயே தவறவிட்டு, வாயை மூடிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.