யார்மிலா வாய் திறக்காத ஒரு மணி நேரம்

செக் நாட்டின் மொராவியாவில், எங்கள் ஊர் அரண்மனையில் யார்மிலா இருபத்தேழு வருடம் வழிகாட்டியாக இருந்தவர். ஓய்வு பெற்று ஒரு குளிர்காலம் வீட்டில் உட்கார்ந்ததே அவருக்குப் பொறுக்கவில்லை. கோடையில் திரும்பி வரலாம் என்றார் புது நிர்வாகி ஹவெல்கா. ஒரு நிபந்தனை: பார்வையாளர்களோடு ஒரு சுற்று வந்து புதிய விளக்கவுரையைக் கேட்க வேண்டும். நடுவில் வாய் திறந்தால் வேலை இல்லை.

கணவர் ஓல்ட்ரிக்கும் கிளம்பினார். லாரி ஓட்டியவர், நாலு தெரு தள்ளிக் குடியிருந்தும் அரண்மனைக்குள் நுழைந்ததில்லை. "நீ ஒரு மணி நேரம் பேசாம இருக்கிறதப் பாக்க நான் சீட்டு வாங்கியே வருவேன்" என்றார்.

பழைய மரத்தரை கீறாமலிருக்கக் காலணிக்கு மேல் கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு இருபத்து நான்கு பேர் படியேறினார்கள். வழிகாட்டி சிமோனாவுக்கு இது முதல் கோடை. சாயம் தீட்டிய சுதைத் தூண்களை இத்தாலியப் பளிங்கு என்றாள். யார்மிலா உதட்டைக் கடித்தார். சாப்பாட்டு அறையில் ஒருவர் கயிற்றைத் தாண்டி மேசை விரிப்பைத் தடவினார். சிமோனா கவனிக்கவே இல்லை. ஓல்ட்ரிக் காதோரம் குனிந்தார்.

"வெடிச்சிடாத. கண்ணாடியெல்லாம் பழசு."

அறைக்கு அறை கணவரிடமிருந்து இப்படி ஒரு கிண்டல். பிழைகளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்த மனிதரை முடியவில்லை.

நீள்வட்டக் கூடத்தில் முழங்கால் வலிக்கிறதென்று ஓல்ட்ரிக் ஜன்னல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். கதவருகே நின்று தலைகளை எண்ணிய பிறகே பூட்டுவது இங்குள்ள வழக்கம். சிமோனா எண்ணாமலே சாவியைத் திருப்பினாள். யார்மிலா பழக்கத்தில் எண்ணியிருந்தார். இருபத்து மூன்று. வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

அடுத்த அறைகளில் காதோரம் யாரும் முணுமுணுக்கவில்லை. விளக்கவுரை அவ்வளவு மோசமில்லை என்றுகூடத் தோன்றியது.

சுற்று தோட்டத்தில் முடிந்தது. கத்தரித்த செடி வரிசைகளுக்கு நடுவே, நீரூற்றுப் பக்கம் ஹவெல்கா காத்திருந்தார். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை என்று சிமோனா சாட்சி சொன்னாள். செவ்வாய்க்கிழமை வந்துவிடச் சொல்லி ஹவெல்கா கைகுலுக்கினார். உரையில் ஏதாவது திருத்த வேண்டுமா என்றும் கேட்டார்.

"எழுதித் தர்றேன். முதல்ல, மேல கூடத்துல ஒருத்தரப் பூட்டி வச்சிருக்கீங்க."

சிமோனா நிமிர்ந்து பார்த்தாள். மாடி ஜன்னலில் ஒருவர் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா அது?" என்றார் ஹவெல்கா.

"என் புருஷன்தான். அங்கேர்ந்து தோட்டம் நல்லாத் தெரியும். பத்து நிமிஷம் கழிச்சுத் திறங்க."